வண்டி இருக்கட்டும், முதலில் ஆட்களை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் 24 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போன வருஷம் ஒரு வீடு எரிந்தபோது வண்டி வந்து சேர்வதற்குள் கூரை விழுந்துவிட்டது. இப்போது 28 பேர் சேர்ந்து தன்னார்வத் தீயணைப்புப் படை தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பழைய தீயணைப்பு வண்டி ஒன்றும் விலைக்கு வருகிறது. வாங்கிவிடலாமா? இந்த மாதிரிப் படைகள் உண்மையில் எப்படித்தான் இயங்குகின்றன?

பதில்: இப்போது வாங்காதீர்கள். ஒரு தாளில் அந்த 28 பேரின் பெயரையும் எழுதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2 மணிக்கு ஒவ்வொருவரும் எங்கே இருப்பார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். வெளியூரில் வேலை, கல்லூரி, கடையை விட்டு வர முடியாது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நாலைந்து பெயர்தான் மிஞ்சும். உங்கள் படையின் பலம் அந்த நாலைந்துதான். ராத்திரி 2 மணிக்கு ஆளுக்குப் பஞ்சமே இருக்காது, எல்லாரும் வீட்டில்தானே தூங்குகிறார்கள். பகல்தான் தன்னார்வப் படைகளைக் கவிழ்க்கிறது.

சரி, இயக்கத்துக்கு வருவோம். யாரோ அவசர எண்ணுக்குப் போன் செய்கிறார். கட்டுப்பாட்டு அறை முகவரியை வாங்கிக்கொண்டு அந்தப் பகுதிப் படையினரின் பேஜரையோ போன் செயலியையோ ஒலிக்கவிடுகிறது. சைரன் ஊதும் ஊர்கள் இன்றும் உண்டு. உறுப்பினர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டு நிலையத்துக்கு வருகிறார்கள், உடை மாட்டுகிறார்கள், குறைந்தபட்ச ஆள் சேர்ந்ததும் வண்டி கிளம்புகிறது. முழுநேர நிலையத்தில் ஆட்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சக்கரம் உருண்டுவிடும். உங்களுக்கு அதற்கே ஐந்தாறு நிமிடம் ஆகும், அதுவும் எல்லாரும் ஊருக்குள்ளேயே இருந்தால். பிரிட்டனில் அழைப்புக்கு வரும் பகுதிநேர வீரர்கள் (அவர்களுக்குச் சம்பளம் உண்டு) நிலையத்திலிருந்து சுமார் 5 நிமிடத் தூரத்துக்குள் வசிக்கவோ வேலை பார்க்கவோ வேண்டும் என்று பொதுவாகக் கேட்பது இதனால்தான்.

அமெரிக்காவில் என்எஃப்பிஏ என்ற தீப் பாதுகாப்புச் சங்கம் தன்னார்வப் படைகளுக்காக வகுத்த 1720 என்ற தரநிலை, மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப் பகுதிகளுக்கு 14 நிமிடத்தில் 6 பேர் என்று இலக்கு வைத்தது, பத்து அழைப்பில் எட்டு முறையாவது. சற்று நெருக்கமான புறநகர் என்றால் 10 நிமிடத்தில் 10 பேர். ஆறு பேர் எதற்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எரியும் வீட்டுக்குள் ஒருவர் தனியாகப் போகவே கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். உள்ளே இருவர் இருந்தால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்து வருவதற்கு முழு உடையும் மூச்சுக் கருவியும் போட்டுக்கொண்டு வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும். இருவர் உள்ளே, இருவர் வெளியே என்பது அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு விதியாகவே இருக்கிறது, உயிரோடு யாரோ சிக்கியிருப்பது தெரிந்தால் மட்டும் விலக்கு. பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மொத்தத்தையும் பார்த்து உத்தரவு போட ஒருவர். ஆறு ஆகிவிட்டது. மூன்று பேரோடு போய் இறங்கினால் வெளியிலிருந்து தண்ணீர் அடிக்கலாம், பக்கத்து வீட்டை நனைக்கலாம், அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய வீடுகளில் ஃபோம் சோபா, பிளாஸ்டிக் சாமான், செயற்கை நூல் திரைச்சீலை என்று இருப்பதால் ஓர் அறை பற்றத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுக்கத் தீப்பிடித்துவிடலாம். மேலே தேங்கும் புகை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும்போது அறையில் இருக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், ஃப்ளாஷ்ஓவர் என்பார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. உங்கள் படை 14 நிமிடத்தில் வந்தாலும் அந்த அறையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடக்காது. அடுத்த அறை, அடுத்த வீடு, அடுத்த வைக்கோல் போர், இவற்றைக் காப்பாற்றலாம். அதனால் முதல் வருஷத்து நிதியில் ஒரு பங்கை வீட்டுக்கு வீடு புகை அலாரம் மாட்டுவதில் செலவழித்தால், வண்டியால் காப்பாற்றுவதைவிட அதிகம் பேரை அலாரம் காப்பாற்றும் என்பது என் கணிப்பு. இளைஞர்களுக்கு இது உற்சாகமான வேலை இல்லை, தெரியும்.

இனி தண்ணீர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பம்பின் சக்தியைப் பற்றி ரொம்பப் பேசுவார்கள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மறந்துவிடுவார்கள். ஒரு வண்டித் தொட்டியில் 2,000 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தீக்குக் கையில் பிடித்து அடிக்கும் ஹோஸ் (தண்ணீர்க் குழாய்) ஒன்று நிமிடத்துக்கு 400 லிட்டர் வரை குடிக்கும். ஐந்து நிமிடத்தில் தொட்டி காலி. ஹைட்ரண்ட் (தீயணைக்கத் தெருவில் வைக்கும் தண்ணீர்க் குழாய் முனை) இல்லாத ஊரில் அப்புறம் என்ன செய்வது? டேங்கர்கள் மாற்றி மாற்றி ஓட வேண்டும். தீ எரியும் இடத்தில் ஒரு மடக்குத் தொட்டியை விரித்து, டேங்கர் வந்து அதில் கொட்டிவிட்டுத் திரும்ப ஓட, பம்பு அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 6,000 லிட்டர் டேங்கர் நிரப்பி, வந்து, கொட்டி, திரும்பிப் போக மொத்தம் 15 நிமிடம் ஆனால் கணக்கு நிமிடத்துக்கு 400 லிட்டர். அதாவது ஒரு டேங்கருக்கு ஒரு ஹோஸ். இரண்டு ஹோஸ் வேண்டுமென்றால் இரண்டு டேங்கர், இரண்டு ஓட்டுநர், நிரப்பும் இடத்தில் தனியாக ஒரு பம்பும் ஓர் ஆளும்.

குளமோ கிணறோ இருந்தால் நேராக உறிஞ்சலாம், ஆனால் ஆழம் முக்கியம். காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, பம்பு வெற்றிடத்தை மட்டுமே உண்டாக்குகிறது. அதனால் எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது, நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும். கோடையில் நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் உறிஞ்சு குழாயை விட்டுவிட்டு பம்பைத் திட்டிப் பயனில்லை. உங்கள் பகுதியில் எந்த நீர்நிலைக்குப் பக்கத்தில் கனரக வண்டி போய் நிற்க முடியும், எந்த மாதத்தில் அது வற்றும் என்று ஒரு வரைபடம் போட்டு வைத்தாலே பாதிப் படை தயார்.

டேங்கரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பால் வண்டியையோ எண்ணெய் வண்டியையோ மாற்றி டேங்கராக்கும் யோசனை கட்டாயம் வரும், மலிவு என்பதால். பெட்ரோல் எண்ணெய்கள் தண்ணீரைவிட எடை குறைந்தவை. அதே தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அச்சும் பிரேக்கும் தாங்குகிற எடையைத் தாண்டிவிடலாம். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத, பாதி நிரம்பிய தொட்டி வளைவில் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி வண்டியையே சாய்த்துவிடும். தன்னார்வ வீரர்களின் உயிரை வாங்கிய சாலை விபத்துகளில் டேங்கர் கவிழ்ந்தவை நிறைய. இன்னொன்று, பேஜர் அடித்ததும் சொந்தக் காரில் பறப்பது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் கேப்டன் என்னை உட்காரவைத்து ஹோஸைப் பற்றியோ ஏணியைப் பற்றியோ சொல்லவில்லை, சிவப்பு விளக்கில் நிற்பாயா என்றுதான் கேட்டார். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் மாரடைப்பால் இறப்பவர்கள்தான் பல காலமாக அதிகம். தூக்கத்திலிருந்து எழுந்து, 20 கிலோவுக்கு மேல் உடையும் சிலிண்டரும் சுமந்து, சூட்டில் வேலை செய்வதை ஐம்பது வயது இதயம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். மருத்துவப் பரிசோதனை இல்லாமல் யாரையும் மூச்சுக் கருவி மாட்டவிடாதீர்கள், அவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும்.

மூச்சுக் கருவியில் இன்னொரு கணக்கு. 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று அடங்கும். சும்மா நின்றால் ரொம்ப நேரம் வரும், ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறினால் 20 முதல் 30 நிமிடம்தான், பதற்றப்படுகிறவருக்கு அதுவும் கிடையாது. காற்று குறைந்ததும் கருவி அடிக்கும் எச்சரிக்கை விசில் கேட்ட பிறகு வெளியேறத் தொடங்குவது தாமதம், விசில் அடிக்கும்போது வெளியே நிற்க வேண்டும். தீ அணைந்த பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறும் பழக்கமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்பு வீரர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. அழுக்கு உடையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் துணியோடு துவைக்கிற கதையெல்லாம் முன்பு நடந்தது, இனி வேண்டாம்.

யார் என்ன வேலை செய்வது என்பதில் ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு, எல்லாரும் தீக்குள் பாயத்தான் வேண்டும் என்று. இல்லை. நல்ல பம்பு ஆபரேட்டர் கிடைப்பது உள்ளே போகிறவர் கிடைப்பதைவிடக் கஷ்டம். வாக்கி-டாக்கியில் நிதானமாகப் பேசத் தெரிந்தவர், போக்குவரத்தை நிறுத்துகிறவர், சிலிண்டர் மாற்றிக் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர், மானிய விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் இடம் இருக்கிறது. உள்ளே போகிறவர்களுக்குப் பயிற்சியில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் கிட்டத்தட்ட 10 லட்சம் தன்னார்வ வீரர்கள் இருக்கிறார்கள், அங்கே அடிப்படைப் பயிற்சியின் முதல் பகுதிக்கே நெடுங்காலமாக 70 மணி நேரம் வைத்திருந்தார்கள். மூச்சுக் கருவிப் பயிற்சி அதற்கு மேல் தனி. இன்னொரு நல்ல ஏற்பாடும் அங்கே உண்டு: அழைப்பு வந்தால் முதலாளி ஆளை விட்டாக வேண்டும், சம்பளத்தையும் பிடிக்கக்கூடாது, தனியார் முதலாளிக்கு அந்த நேரத்துச் சம்பளத்தை உள்ளாட்சி திருப்பிக் கொடுக்கும். செவ்வாய் மத்தியானப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த உருப்படியான மருந்து இது. உங்களுக்குச் சட்டம் இல்லையென்றால் பெரிய முதலாளிகள் நாலு பேரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சங்கம்: தலைவர், பொருளாளர், கூட்டம், ஓட்டு. இன்னொரு பக்கம் களம்: தலைமை அதிகாரி, கேப்டன், உத்தரவு. சங்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், களத்தில் விவாதமே கிடையாது. பல இடங்களில் களத் தலைமையையும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு, நன்றாகச் சிரித்துப் பேசுகிறவர் ஜெயித்துவிடுவார். குறைந்தபட்சப் பயிற்சித் தகுதியும் அனுபவ வருஷமும் இருப்பவர்தான் நிற்கலாம் என்று விதி எழுதிவிட்டு, பிறகு ஓட்டுக்கு விடுங்கள்.

பணம் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழியில் வருகிறது. உள்ளாட்சி நிதி, தீயணைப்புக்கென்று தனி வரி, அரசு மானியம், விருந்து வைத்து வசூல். சிலியில் தீயணைப்பு முழுக்கத் தன்னார்வலர்கள் கையில்தான். 1851இல் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கியது, உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டிவிட்டுத் தீயை அணைக்கப் போகிறார்கள். எந்த வழியானாலும் முதலில் எழுத வேண்டிய செலவு காப்பீடு: உறுப்பினருக்குக் காயம் பட்டால், நீங்கள் அடுத்தவர் சுவரை இடித்துவிட்டால், வண்டி மோதிவிட்டால். அதற்கு முன் அரசுத் தீயணைப்புத் துறையோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அழைப்பு உங்களுக்கு எப்படி வரும், அவர்கள் வண்டி வந்ததும் தலைமை யாருக்கு மாறும், உங்களுக்கு எதில் அதிகாரம் உண்டு, எதில் இல்லை. இது இல்லாமல் போனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பம்பு வைத்திருக்கும் கூட்டம் மட்டுமே.

இன்னொன்று, தீயைவிட மற்ற அழைப்புகள்தான் அதிகம் வரும். அமெரிக்கப் படைகளுக்கு வருவதில் நூற்றுக்கு ஐந்துகூடத் தீ இல்லை, பெரும்பகுதி மருத்துவ உதவி. சாலை விபத்து, சாய்ந்த மரம், கேஸ் நாற்றம், தவறாக அடித்த அலாரம் எல்லாம் உங்களிடம்தான் வரும். தீயை அணைக்கும் கனவோடு சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் கழன்றுகொள்வதற்கு இது ஒரு காரணம், சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதல் ஆறு மாதம் உள்ளே நுழையாத படையாகத் தொடங்குவேன். தூக்கிச் செல்லும் பம்பு ஒன்று, ஹோஸ், நல்ல உடை, முதலுதவிப் பயிற்சி, நீர்நிலை வரைபடம், வாரம் ஒரு நாள் மாலைப் பயிற்சி. யார் எத்தனை முறை வந்தார்கள் என்று வருகைப் பதிவு வையுங்கள். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய் மத்தியானம் 2 மணிக்கு பேஜரைத் தட்டிவிட்டு எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஆறு பேர் வந்தால் வண்டியைப் பற்றிப் பேசலாம். அந்தப் பழைய வண்டி அப்போதும் விற்காமல் இருந்தால், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல், டயரில் தயாரிப்பு வருஷத்தைப் பாருங்கள், தொட்டிக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள், அப்புறம் ஒரு குளக்கரைக்கு ஓட்டிப் போய் உறிஞ்சு குழாயை இறக்கி இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். விற்பவர் ஏதாவது சாக்குச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.