எதிர்வீட்டில் மட்டும் ஏன் முந்திப் பூக்கிறது? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தோட்டக் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். நாங்கள் கனடாவில் டொரொன்டோவை ஒட்டிய மார்க்கம் நகருக்கு வீடு மாறி வந்து இரண்டு வருடம். போன ஐப்பசியில் அறுபது டியூலிப் கிழங்கு வாங்கி என் கையாலேயே நட்டேன். எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கு ஏப்ரல் நடுவிலேயே, வேலியோரம் ஸ்னோ கிடக்கும்போதே, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துவிட்டது. எனக்கு முதல் பூ வர மே நடுப்பகுதி தாண்டிவிட்டது. அதுவும் அறுபதில் முப்பது தேறவில்லை. இந்த முறை செப்டம்பர் தொடக்கத்திலேயே நட்டுவிட்டால் முந்திப் பூக்குமா? ஏதாவது உரம் போட வேண்டுமா? பூ முடிந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாத்தியில் மிளகாய்க் கன்று வைப்போம் என்று இவர் நிற்கிறார். என்ன செய்யட்டும்?

வாசகி, மார்க்கம்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரம், அதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: பிடுங்க வேண்டாம். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எதிர்வீட்டு அம்மா உங்களை முந்திக்கொண்டு நட்டிருக்க மாட்டார். அவரிடம் இருப்பது வேறு வகை, அவ்வளவுதான். மூன்று மாத நெல்லையும் ஆறு மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு ஒன்றாக அறுக்கலாம் என்று ஊரில் யாராவது நினைப்பார்களா? டியூலிப்பும் அப்படித்தான். ஒல்லாந்துக்காரர்கள் அதைப் பல பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய கடைகளில் மலிவு விலைக்குப் பை பையாகத் தொங்குவதில் பெரும்பாலானவை ட்ரையம்ஃப், டார்வின் ஹைப்ரிட் என்ற பிரிவுகள். இங்கே அவை மே நடுப்பகுதிக்கானவை. நீங்கள் தலைகீழாக நின்றாலும் சித்திரை வருடப்பிறப்புக்குப் பூக்காது.

அந்த அம்மாவின் பூக்களை வெயில் ஏறிய ஒரு மத்தியானத்தில் கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் வித்தியாசம் பிடிபட்டிருக்கும். ஒரு சாண் உயரம்கூட இருந்திராது. கிண்ணம் போல நிற்காமல், ஆறு முனை நட்சத்திரமாக மல்லாந்து விரிந்திருக்கும். இதழின் உள்ளே மஞ்சள், வெளிமுதுகில் சிவப்பு என்றால் அநேகமாக ‘ஸ்ட்ரெஸா’. காஃப்மானியானா என்ற பிரிவில் வருவது. அந்தப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் அல்லி டியூலிப் என்று பெயர். நம் அல்லி நிலவுக்கு விரிவது. இதுவோ சூரியனைக் கண்டு விரிந்து மாலையில் கூம்பிவிடுகிறது. தாமரை என்று வைத்திருந்தால் நமக்காவது பொருந்தியிருக்கும். மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலைச்சரிவுதான் இதன் தாய்வீடு. பனி உருகி மண் ஈரமாக இருக்கும் சில வாரங்களுக்குள் பூத்துக் காய்த்துவிட வேண்டும், பின்னால் வருவது வறண்ட கோடை. மார்க்கத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

உரத்துக்கு வருவோம். அடுத்த முறை கிழங்கு வாங்கும்போது ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். வெங்காயம் அரிவதைப் போல மேலிருந்து கீழாகச் சரிபாதியாக வெட்டுங்கள். தடித்த வெள்ளை மடல்களுக்கு நடுவே, அடித்தட்டில் ஒட்டியபடி, மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு குருத்து தெரியும். அதைக் குண்டூசியால் பிரித்துப் பாருங்கள். குட்டி இலைகள், அவற்றுக்குள் இதழ்கள், இன்னும் உள்ளே மகரந்தப் பைகள். முழுப் பூவும் அங்கே இருக்கிறது. கோடையிலேயே உருவாகி முடிந்தது அது. பிறகு நீங்கள் கொட்டும் உரம் அதன் நாளை முந்தச் செய்யாது. அது காத்திருப்பது குளிருக்கு. ஒன்பது பாகை செல்சியஸுக்குக் கீழே பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் கிடந்தால்தான் தண்டு ஒழுங்காக நீளும். செப்டம்பர் மண் இன்னும் சூடு ஆறாதது. அந்த வாரங்கள் கணக்கில் சேராது, பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்புத்தான் கூடும். நம் ஐப்பசி மாதம், அதாவது அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் நடு வரை, இந்த ஊருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. நீங்கள் நட்ட காலம் சரியானதே.

அவசரப்பட்டு நான் பட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் பெப்ரவரியிலேயே வீட்டுக்குள் பூ பார்க்கும் ஆசையில், சாடியில் நட்டு, கராஜில் இருந்த பழைய பிரிட்ஜில் வைத்தேன். பதினாலு வாரம் நாள் எண்ணினேன். இலை வந்தது, மொட்டும் எட்டிப் பார்த்தது. ஆனால் அது உள்ளேயே கருகி, வெங்காயச் சருகு மாதிரி கையோடு வந்தது. கீழ்த்தட்டில் மனைவி ஒரு பெட்டி ஆப்பிள் வைத்திருந்தார். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கொன்றுவிடும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. “ஆப்பிளை எடுத்துவிடு என்று முதலே சொல்லியிருக்கலாமே” என்று வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள்.

நீங்கள் நேர்மையாகக் கொஞ்சம் முந்த முடிகிற வழி ஒன்றே ஒன்று: இடம். வீட்டின் தெற்குப் பார்த்த செங்கல் சுவரடியில் ஸ்னோ முதலில் உருகும். அதே கிழங்கு அங்கே ஒரு வாரமாவது முந்தும். ஆனால் அந்தச் சூடே பூவைச் சீக்கிரம் உதிர்த்தும் விடும்.

காணாமல் போன முப்பதைப் பற்றி: எவ்வளவு ஆழத்தில் நட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கை, வெங்காயம் நட்டுப் பழகிய கை. நுனி தெரிய மண்ணில் குத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். நானும் முதல் வருடம் அதையேதான் செய்தேன். இங்கத்தை அணில் நம் முற்றத்து மூன்று கோட்டு அணில் இல்லை, பூனைக்குட்டி பருமன். புதிதாகக் கிண்டிய மண் என்றால் அதற்குப் பந்தி விரித்த மாதிரி. ஒரு சாண் ஆழம் வேண்டும், சின்னக் காஃப்மானியானாவுக்கு அதில் முக்கால் போதும். கிழங்கிலிருந்து உதிரும் பழுப்புத் தோலை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், அதன் வாசம்தான் காட்டிக்கொடுக்கிறது. மேலே கோழிக்கூட்டு வலை விரித்துக் கல் வையுங்கள்.

இனி மிளகாய். நீங்கள் போன வருடம் நட்ட கிழங்கு இப்போது இல்லை. பூத்த கையோடு அது கரைந்து, பக்கத்தில் புதுக் கிழங்குகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போடுவது இந்தப் பச்சை இலைதான். காய் பிடிக்காமல் பூத்தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலை தானாக மஞ்சளாகும்வரை ஆறு வாரம் விட வேண்டும். மே கடைசியில் பூ முடிந்த உங்கள் செடிக்கு அது ஜூலையில்தான் முடியும். மே பின்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையோடு கன்றை வெளியே வைக்கும் நம் ஆட்களுக்கு முந்திப் பூக்கும் வகையின் உண்மையான லாபம் இங்கேதான். ஏப்ரலில் பூத்தது ஜூன் நடுவில் பாத்தியைக் காலி செய்துவிடும். அதுவரை கன்று சாடியில் நிற்கட்டும்.

ஆனால் மிளகாய்க்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவீர்கள். வறண்ட கோடைக்குப் பழகிய கிழங்கு, அதுவும் மார்க்கத்துக் களிமண்ணில், அந்த ஈரத்தில் அழுகிவிடும். எனவே இலை காய்ந்ததும் தோண்டி எடுத்து, மண் தட்டி, கடையில் வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கராஜில் நிழலாகத் தொங்கவிடுங்கள். எதிர்வீட்டு அம்மா ஒருவேளை பல வருடமாகப் புதிதாக வாங்கியே இருக்க மாட்டார். காஃப்மானியானா விட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவது. உங்கள் ட்ரையம்ஃப் வகை வருடத்துக்கு வருடம் சிறுத்துப்போகும், ஏமாற வேண்டாம்.

வாங்கும்போது பையின் படத்தைப் பார்த்து மயங்காமல், பின்பக்கம் எந்த மாதத்தில் பூக்கும் என்று போட்டிருப்பதை வாசியுங்கள். ‘ஸ்ட்ரெஸா’ ஒரு பத்து. முழங்கால் உயரத்தில் பால்வெள்ளை வேண்டுமென்றால் ‘பூரிஸிமா’, ஃபாஸ்டெரியானா பிரிவு, ஸ்ட்ரெஸாவுக்குப் பின்னாலேயே வரும். மே முதல் வாரத்துக்கு ‘மோன்டே கார்லோ’ என்ற அடுக்கு மஞ்சள், கிட்டப் போனால் மெல்லிய வாசமும் உண்டு. ஏப்ரலில் மறுபடி ஸ்னோ கொட்டினால் பதறாதீர்கள். பூ கூம்பிக்கொண்டு தலை சாயும், வெயில் வந்ததும் நிமிரும்.

நல்ல கிழங்குகள் செப்டம்பரிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. வாங்குவதற்கு மட்டும் அவசரப்படலாம். வாங்கியதை ஐப்பசிவரை காற்றாட வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம்.