2023 என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசனில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் தடுமாறியதற்கு யார் காரணம்: பாஸ் வீசும் குவாட்டர்பேக் டெஸ்மண்ட் ரிடரா, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் பிஜான் ராபின்சனைச் சரியாக ஓடவிடாத கோச்சா?

பெரிய பங்கு கோச் ஆர்தர் ஸ்மித்துடையது என்பதுதான் என் பதில். ரிடரைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை, அவர் பந்தை விட்ட இடங்களைப் பார்த்தால் யாராலும் அவரைக் காப்பாற்றவும் முடியாது. ஆனால் ஃபால்கன்ஸ் ரசிகர்கள் இன்றைக்கும் இதை இரண்டு தனித்தனி வழக்காக வைத்து வாதாடுகிறார்கள், ஒரு கட்சி "ரிடர் தேறமாட்டார்" என்கிறது, இன்னொரு கட்சி "பிஜானுக்குப் பந்து கொடு" என்கிறது. எனக்கு இரண்டும் ஒரே வழக்குதான். பிஜானை எப்படி வைத்து ஆடினார்கள் என்பதுதான் ரிடர் எப்படி ஆடினார் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானித்தது.

என்எஃப்எல் அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ரிடர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், 2021-இல் அந்த அணியைக் கல்லூரி பிளேஆஃப் வரை கொண்டுபோனவர். 2022 டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவது சுற்றில் 74-வது ஆளாக அட்லாண்டா எடுத்தது. அந்த சீசன் கடைசியில் அப்போதைய குவாட்டர்பேக் மார்கஸ் மரியோட்டாவை உட்கார வைத்துவிட்டு நான்கு ஆட்டம் ரிடரை ஆடவிட்டார்கள். இரண்டில் ஜெயித்தார், இரண்டு டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) பாஸ், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துக்கொள்ளும் பாஸ்) இல்லை. இந்த நான்கு ஆட்டத்தை நம்பித்தான் 2023 முழுவதையும் அவர் கையில் கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பால்டிமோர் குவாட்டர்பேக் லமார் ஜாக்சனைப் பேசிப் பார்க்க வழி இருந்தும் அட்லாண்டா அந்தப் பக்கமே போகவில்லை, அவர் பால்டிமோரிலேயே இருந்து அந்த சீசனின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆனார்.

குவாட்டர்பேக் விஷயத்தில் இப்படிச் சிக்கனமாக இருந்த நிர்வாகம் அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் தாராளமாகச் செலவழித்தது. பாஸ் பிடிக்க 2021-இல் நான்காவது தேர்வாக கைல் பிட்ஸ், 2022-இல் எட்டாவது தேர்வாக டிரேக் லண்டன், ஓட 2023-இல் மறுபடியும் எட்டாவது தேர்வாக பிஜான். இந்தக் காலத்தில் ஒரு ரன்னிங் பேக்கை முதல் பத்துக்குள் எடுப்பது சாதாரண விஷயம் இல்லை. அப்படி எடுத்தால், ஆஃபன்ஸ் (பந்தோடு முன்னேறும் ஆட்டம்) இனி இந்தப் பையனை வைத்துத்தான் ஓடும் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. அதிலும் பிஜான் வெறும் ஓட்டக்காரர் இல்லை, ரிசீவர் மாதிரி ஓரத்தில் நின்று பாஸ் பிடிக்கவும் தெரிந்தவர். முதல் ஆட்டத்தில், கரோலைனாவுக்கு எதிராக, ரிடரிடமிருந்து ஒரு சின்ன பாஸை வாங்கி எதிரே வந்தவரை ஏமாற்றி 11 யார்டில் டச்டவுன் போட்டாரே, அதைப் பார்த்தவுடன் இந்த ஜோடி எப்படி ஆட வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தடுமாறும் ஒரு இளம் குவாட்டர்பேக்குக்கு மூன்று யார்டு பாஸை 11 யார்டாக மாற்றித் தரும் ஆள் பக்கத்திலேயே நிற்பதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது வாரம் கிரீன் பேவுக்கு எதிராக பிஜான் 19 கேரியில் (பந்தை ஏந்தி ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு கேரி) 124 யார்டு ஓடினார், 25-24 என்று அட்லாண்டா ஜெயித்தது. அதற்கடுத்த வாரம் டெட்ராய்ட்டில் அவருக்குக் கிடைத்தது 10 கேரி. ரிடர் ஏழு முறை சாக் ஆனார் (பாஸ் வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்), 20-6 தோல்வி. பிறகு லண்டன் வெம்ப்ளியில் ஜேக்சன்வில்லோடு ஆட்டம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் தேவையான சாட்சி இதில் இருக்கிறது. இரண்டாவது குவார்ட்டரில் ரிடர் அடுத்தடுத்து வீசிய இரண்டு பாஸும் இன்டர்செப்ட் ஆகின, முதலாவதைப் பிடித்த டேரியஸ் வில்லியம்ஸ் 61 யார்டு ஓடி டச்டவுனே போட்டார். ஆட்டம் அங்கேயே கைமீறிப் போய்விட்டது. ஆனால் அதே ஆட்டத்தில் பிஜான் 14 கேரியில் 105 யார்டு, அதாவது ஒவ்வொரு முறையும் சராசரியாக ஏழரை யார்டு. எதிரணியால் தடுக்க முடியாத ஒரு விஷயம் உங்களிடம் இருக்கிறது, அதை 14 முறைதான் செய்தீர்கள். பின்தங்கிவிட்டால் பாஸ் வீசித்தானே ஆகவேண்டும் என்பீர்கள், சரி, ஆனால் முதல் பாதியிலேயே அந்த அவசரம் எதற்கு?

ரிடரால் ஆடவே முடியாது என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போகாத இடமும் இருக்கிறது. அதற்கடுத்த வாரம் ஹூஸ்டனுக்கு எதிராக 329 யார்டு வீசி, கடைசி நிமிடங்களில் அணியை முன்னே கொண்டுபோய், 21-19 என்று ஜெயித்துக் கொடுத்தார். அவருக்குக் கையும் இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. அதற்கும் அடுத்த வாரம் வாஷிங்டனோடு 307 யார்டு வீசினார், கூடவே மூன்று இன்டர்செப்ஷன், 24-16 தோல்வி. இதுதான் ரிடர். எதிரணியின் இருபது யார்டு கோட்டுக்கு வெளியே ஒரு ஆள், உள்ளே (அதைத்தான் ரெட் ஸோன் என்பார்கள்) போனால் வேறு ஆள். ரெட் ஸோனுக்குள் போனவுடன் டிஃபன்ஸுக்குப் பின்னால் காக்க வேண்டிய இடம் குறைந்துவிடும், பதினொரு பேரும் நெருங்கி நிற்பார்கள், பாஸுக்குத் திறக்கும் சந்து ஒரு நொடியில் மூடிவிடும். ஒரு நொடி தாமதமாக முடிவெடுக்கும் குவாட்டர்பேக் அங்கேதான் மாட்டிக்கொள்வார். ரிடர் எப்போதும் அந்த ஒரு நொடி தாமதம்.

அப்படியானால் அந்த இடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும்? ஃபால்கன்ஸ் ரசிகர்களின் ஆத்திரம் முழுக்க இதில்தான், அதில் நியாயம் இருக்கிறது. பிஜானின் முதல் ரன்னிங் டச்டவுன் வந்தது நவம்பர் மாதம் அரிசோனாவில், அணியின் பத்தாவது ஆட்டத்தில். எட்டாவது தேர்வாக எடுத்த ரன்னிங் பேக் பத்தாவது ஆட்டம் வரை ஓடி ஒரு டச்டவுன் போடவில்லை! கோல் கோட்டுப் பக்கம் போனால் இன்னொரு ரன்னிங் பேக் டைலர் ஆல்ஜியர் வருவார், டைட் எண்டுக்கு (பாஸ் பிடிக்கும் இன்னொரு ஆள்) ஒரு பாஸ் போகும், ரிடரே ஓடுவார், பிஜான் ஒரு ஓரத்தில் நின்று டிஃபண்டரை இழுத்துக்கொண்டு போவார். அவரை வைத்து எதிரணியை ஏமாற்றினோம் என்பது ஸ்மித் தரப்பு விளக்கம். ஏமாற்றுவதற்கு முதலில் அவர் ஓடிக் காட்டியிருக்க வேண்டும் அல்லவா? பந்து அவருக்கு வராது என்று தெரிந்துவிட்டால் எந்த லைன்பேக்கர் அவர் பின்னால் போவார்?

டாம்பா ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. அக்டோபர் 22, பிஜானுக்கு மொத்தம் ஒரே கேரி, 3 யார்டு. ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தலைவலி, உடம்பு சரியில்லை என்று வெளியே சொன்னார்கள், அதுவரை காயப் பட்டியலில் பெயரே இல்லை. லீக் விசாரித்து அணிக்கு 75,000 டாலரும் ஸ்மித்துக்கு 25,000 டாலரும் அபராதம் போட்டது. உடம்பு சரியில்லாத பையனை உட்காரவைத்தது தப்பே இல்லை, அதை மறைத்ததுதான் தப்பு. அதே ஆட்டத்தில் ரிடர் மூன்று முறை பந்தைக் கைநழுவவிட்டு (ஃபம்பிள்) எதிரணியிடம் இழந்தார், அதில் ஒன்று டச்டவுனுக்குப் பாய்ந்து போகும்போது கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால் ஆன்ட்வான் வின்ஃபீல்ட் பந்தைத் தட்டிவிட்டதில் போனது. கடைசியில் கிக்கர் யங்வே கூ 51 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி) அடித்து 16-13 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த அன்றைக்கு ரசிகர்கள் இவ்வளவு கோபமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் டென்னசியில் பாதி ஆட்டத்தோடு ரிடர் வெளியே, மாற்று குவாட்டர்பேக் டெய்லர் ஹைனிக்கி உள்ளே. பிறகு ரிடர் திரும்ப வந்தார், நியூ ஆர்லியன்ஸைத் தோற்கடித்தார் (அன்றைக்கு பிஜான் 91 யார்டு ஓடினார், ஓடி ஒன்று பிடித்து ஒன்று என இரண்டு டச்டவுன், இதை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை), பிறகு மறுபடியும் வெளியே. இப்படி உள்ளே வெளியே என்று ஆட்டிவைத்தால் அனுபவசாலியே தடுமாறுவார். கிரிக்கெட்டில் ஃபார்ம் போன இளம் பேட்ஸ்மேனை முதலில் ஒரு சிங்கிள் எடுக்கவிட்டு மூச்சு வாங்க வைப்போம் இல்லையா, அந்த சிங்கிளைத்தான் ஸ்மித் ரிடருக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை.

ஸ்மித் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர் டென்னசியில் ஆஃபன்ஸை நடத்தியபோது 2020-இல் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடினார், ஆக ரன்னிங் பேக்கை வைத்து ஆடத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 2022-இல் ஐந்தாவது சுற்றில் எடுத்த ஆல்ஜியரே 1,035 யார்டு ஓடினார். இருவரையும் மாற்றி மாற்றி ஓடவிட்டால் பிஜான் களைக்கமாட்டார், அவருடைய கால் நாலு வருஷம் தாங்கும் என்பது ஸ்மித்தின் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 கணக்கை எடுத்துப் பாருங்கள்: பிஜான் 214 கேரி 976 யார்டு, ஆல்ஜியர் 186 கேரி 683 யார்டு. ஒருவர் ஒவ்வொரு முறையும் நாலரை யார்டு தாண்டுகிறார், இன்னொருவர் நாலு யார்டைத் தொடவில்லை, அப்புறமும் வேலையைக் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரித்தால் எப்படி? ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு யார்டு குறைவதால் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது) மூன்று யார்டு வேண்டிய இடத்தில் ஐந்து யார்டு வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பாஸ்தான் வரப்போகிறது என்று தெரியும், அங்கே நின்று வீசவேண்டியவர் அந்த ஒரு நொடி தாமத ரிடர். அவருடைய 12 இன்டர்செப்ஷனில் எத்தனைக்கு விதை முதல் டவுனிலேயே போடப்பட்டது என்று பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 17, சார்லட், கொட்டும் மழை. கரோலைனா அன்றைக்கு வரை 13 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி. பிஜானுக்கு 7 கேரி, 11 யார்டு, ஒரு ஃபம்பிள். ஆமாம், அன்று அவரும் சொதப்பினார். நான்காவது குவார்ட்டரில் அட்லாண்டா 7-6 என்று முன்னால் இருக்கிறது, ரெட் ஸோனுக்குள் நிற்கிறது, ஒரு ஃபீல்ட் கோல் அடித்தாலே ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி, அங்கே ரிடர் வீசிய பாஸ் இன்டர்செப்ட் ஆனது. அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு தடுமாறும் இளம் குவாட்டர்பேக், பிரைஸ் யங், 90 யார்டைப் பொறுமையாகக் கடந்து வந்தார், கடைசி நொடியில் ஃபீல்ட் கோல், 9-7. அந்தப் பாஸை வீசியது ரிடரின் தப்பு, சந்தேகமில்லை. மழையில், முன்னிலையில் இருக்கும்போது, அந்த இடத்தில் அவரை வீசச் சொன்னது யார் தப்பு?

சீசன் 7-10 (ஏழு வெற்றி, பத்துத் தோல்வி) என்று முடிந்தது. ஸ்மித் வந்த மூன்று ஆண்டும் அதே 7-10. கடைசி ஆட்டம் முடிந்த இரவே அவரை அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில் ரிடரையும் ரிசீவர் ரான்டேல் மூருக்குப் பதிலாக அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

2024-இல் புது கோச்சுகள், பிஜானுக்கு 304 கேரி. யார்டு 1,456, ஓடிப்போட்ட டச்டவுன் 14, முந்தைய ஆண்டு வெறும் நாலு. ஆட்டத்துக்கு ஐந்து கேரி கூடியும் சராசரி குறையவில்லை, கூடத்தான் செய்தது. களைத்துவிடுவார் என்ற வாதம் அத்தோடு முடிந்தது என்பேன். அதே டிசம்பரில் ரிடர் ரெய்டர்ஸ் சீருடையில் ஃபால்கன்ஸுக்கு எதிராகவே ஆடினார், 15-9 என்று தோற்றார், எதிரே பிஜான் 125 யார்டு ஓடினார். ரிடர் எங்கே போனாலும் பெரிய குவாட்டர்பேக் ஆகியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிஜானை ஓடவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2024-இல் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டும் சீசன் பாதிக்குமேல் அவர் சரிந்தார், மைக்கேல் பெனிக்ஸ் உள்ளே வந்தார், அணி 8-9 என்று முடித்தது. கடைசி ஆட்டத்தில் பிஜான் 170 யார்டு ஓடியும் கரோலைனாவிடம் 44-38 தோல்வி. குவாட்டர்பேக் இல்லாமல் இந்த லீக்கில் வெகுதூரம் போக முடியாது, அதை மறுக்கவில்லை.

ஆனால் 2023-இல் வெகுதூரம் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அட்லாண்டா ஆடும் பிரிவை டாம்பா 9-8 என்று எடுத்துக்கொண்டது. அட்லாண்டா பின்தங்கியது இரண்டே இரண்டு வெற்றியில். மினசோட்டாவிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள், அரிசோனாவிடம் இரண்டு, சார்லட் மழையில் இரண்டு. இருந்த ரிடரை வைத்துக்கொண்டே, பந்தை பிஜானிடம் இன்னும் ஐந்து முறை கொடுத்திருந்தால் அந்த இரண்டு வெற்றி வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.