கையிருப்பு 140,000 வெள்ளி: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

ஒரு தமிழ் நாடகக் குழுவின் நிதிதிரட்டு விருந்துக்கு அழைப்பு வந்தது. 200 வெள்ளி கொடுக்கலாம் என்று நினைத்தேன். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அவர்களுடைய ஆண்டறிக்கையைத் திறந்தால், கையிருப்பு 140,000 வெள்ளி! இவ்வளவை வைத்துக்கொண்டு ஏன் கையேந்துகிறார்கள்? அறிக்கையை இணைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு கலைக்குழுவில் பொருளாளராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுப்பதற்கு முன் கணக்கைப் புரட்டினீர்களே, அதற்கே நன்றி. நான் பொருளாளராக இருந்த ஒன்பது ஆண்டுகளில் பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றி வாய் திறந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் கேட்டது சாப்பாட்டுச் செலவை.

ஆனால் ஒரு பக்கம் முன்னதாகவே நிறுத்திவிட்டீர்கள். அடுத்த பக்கக் குறிப்பில் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 60,000 அடுத்த நாடகத்துக்கென்று வந்த மானியம். 30,000 ஒரு குடும்பம் இளையர் பயிற்சிக்கென்று கொடுத்தது. இவற்றை எடுத்து வாடகை கட்ட முடியாது. கட்டினால் தணிக்கையாளர் விடமாட்டார். மிச்சம் 50,000. ஒத்திகை இடம், ஒரே ஒரு முழுநேர ஊழியரின் சம்பளம், மத்திய சேமநிதி, காப்புறுதி எல்லாமாக மாதம் சுமார் 11,000 போகிறது. வகுத்துப் பாருங்கள், ஐந்து மாதம்கூடத் தாங்காது.

கையிருப்பைக் குறைத்துக் காட்டி நன்கொடை கேட்டதாக 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்ததிலிருந்து ‘சேமிப்பு’ என்றாலே நமக்கு ஒரு சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான மில்லியன் பார்த்த நிறுவனத்துக்கு எழுந்த கேள்வியை ஐந்து மாதக் காசு வைத்திருப்பவர்களிடம் கேட்கலாமா? 2020 மார்ச் இறுதியில் அரங்குகளை மூடியபோது எங்கள் குழுவிடம் இருந்தது இரண்டு மாதப் பணம். அந்த ஏப்ரலில் நான் சரியாகத் தூங்கவில்லை.

டிக்கெட் விற்றே பிழைக்கலாமே என்பார்கள். நான்கு பேர் நடிக்கும் நாடகத்துக்கு அன்றும் நான்கு பேர் வேண்டும், இன்றும் நான்கு பேர் வேண்டும். மிருதங்கக்காரரை இரட்டை வேகத்தில் வாசிக்கச் சொல்லிச் செலவைக் குறைக்க முடியாது. ஊரில் சம்பளம் ஏறினால் அவருக்கும் ஏற்றித்தான் தரவேண்டும். பாமல், போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இலேயே இதை விளக்கிவிட்டார்கள். நம் ஆட்களோ இன்னும் “இலவச பாஸ் இருக்கா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கலை நிகழ்ச்சிகளுக்கென்று அரசாங்கம் தந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸில், 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி கிடைத்தது. அதையாவது செலவழிக்கலாம்.

உங்கள் 200 வெள்ளிக்கு வருகிறேன். அந்தக் குழு அறக்கொடை அமைப்பாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் அரசாங்கத்தின் சாரிட்டி போர்ட்டல் இணையத்தளத்தில் பாருங்கள். பதிவாகியிருந்தால், நீங்கள் தரும் தொகைக்கு ஈடான தொகையை கல்ச்சுரல் மேட்சிங் ஃபண்டிலிருந்து கேட்டு அவர்கள் விண்ணப்பிக்கலாம். அரசாங்கம் 2013இல் 200 மில்லியன் வெள்ளியில் தொடங்கிய நிதி அது. ஐபிசி தகுதியும், அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு ரசீது தரும் தகுதியும், இருந்தால் கொடுத்த தொகையில் 250 விழுக்காடு உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். வெறும் சங்கமாக மட்டும் பதிந்திருக்கும் சிறு குழுக்களுக்கு இந்த இரண்டும் கிடையாது. அவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கொடுப்பதென்று முடிவெடுத்தால், உடைக்கு, விளக்குக்கு என்று எழுதிவிடாதீர்கள். ‘எந்தச் செலவுக்கும்’ என்று எழுதிக் கொடுங்கள். பொருளாளர் யாரோ எனக்குத் தெரியாது, ஆனால் அன்று அவருக்கு நிம்மதி.