குமுளி ஏற்றத்தில் பழைய டீசல் வண்டி: கேள்வி பதில்

கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் பொலேரோ, சுமோ, குவாலிஸ், ஸ்கார்ப்பியோ என்று பதினைந்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் இன்னமும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். அளந்து பார்க்காமல் பாகம் மாற்றுவதால்தான் பாதிப் பேருக்குப் பணம் கரைகிறது.

வண்டிப்பெரியாறு: அண்ணா, காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான் வருகிறது. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

தம்பி, மாற்றாதீர்கள். முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அது சரியாக இருந்தால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, சரியில்லை என்று அர்த்தம். எண்ணைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.

வண்டிப்பெரியாறு (மறுபடியும்): பேட்டரி 12.5 இருக்கிறது. நீங்கள் சொன்ன இடத்தில் 1.8 காட்டியது.

அப்படியானால் செல்ஃப் நன்றாகத்தான் இருக்கும். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த்து வயர் ஒன்றுதான் வழி. நம் ஊர் மழையில் அந்தப் போல்ட்டின் அடியில் துரு ஏறிவிடும். வயர் வெளியே பளிச்சென்று தெரிந்தாலும், லக்கின் (வயர் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) ஓரத்தில் உறையைக் கொஞ்சம் வகிர்ந்து பாருங்கள். உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிரும். ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து பிளாக்குக்கு நேராகப் போட்டுச் சாவி கொடுங்கள். செல்ஃப் சுற்றினால் சந்தேகமே வேண்டாம். புது வயர் போட்டு, சேஸிஸில் அந்த இடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எர்த்து கெட்டால் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும். அவை சூடாகி இறுகிப்போகும்.

கம்பம்: ஐயா, குமுளியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போகிறது. கீழே வந்து அரை மணி நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது. லைனர் மாற்றியாகிவிட்டது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டும். பெடல் எப்படி இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால், லைனர் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. கூடவே கருகல் வாடையும் வரும். பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இதுதான் மிக ஆபத்தானது. உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்ற வேண்டிய பொருள் அது. லைனர் போடும்போது இதை யாரும் தொடுவதில்லை. நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்றி டாட் 4 போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, பெடல் கல்லாக இறுகி, ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்பது. அது வாக்குவம் கோளாறு, அதாவது காற்றை உறிஞ்சிய வெற்றிடத்தால் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டருக்கு உதவி கிடைக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வாக்குவம் குழாயையும் பம்பையும் பாருங்கள். பல பழைய டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் பின்னாலேயே இருக்கும். அதன் சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி சார்ஜும் நின்றுவிடும்.

எந்த வகையானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் பத்துப் பேர் ஏறிய வண்டியில் செய்யக்கூடாத காரியம். தயவுசெய்து உங்கள் டிரைவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, விரிசல் விடும்.

பீர்மேடு: அப்பாவின் வண்டி ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தும் தீரவில்லை.

அம்மா, தெர்மோஸ்டாட்டைத் (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) திரும்பப் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நம் குளிரில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசல்தான் கூடுதலாகப் போகும். மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டுமே. இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. அது நன்றாக இருந்தால் ரேடியேட்டர் மூடி, பிறகு உள்ளே படிந்த உப்பு. இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க விடாதீர்கள்.

போடி: மேலே மூணாறு போனால் கரும்புகை.

அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிவு. பழைய மெக்கானிக்கல் பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும்போது கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். ஏர் ஃபில்டரை மட்டும் பாருங்கள். கீழேயும் கரும்புகை என்றால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

குமுளி: இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா? வந்தால் டைனமோவை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், எரிந்துவிடும். 0.05 ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அதிகமென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. பின்னால் மாட்டிய மியூசிக் பிளேயரில், சென்ட்ரல் லாக்கில் தொடங்குங்கள்.

தேக்கடி: பழைய குவாலிஸ் வாங்கியிருக்கிறேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

2000 முதல் 2005 வரை விற்ற வண்டி அது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் வேலை வந்துவிடும். மீட்டர் காட்டுவதை நம்பாமல் இந்த வாரமே பெல்ட்டையும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதுவரை மலையேற்ற வேண்டாம்.