போர்ட்டோகலோஸ் வீட்டுக் காதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2002இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ திரைப்படத்தை அடக்கமான காதல் நகைச்சுவை என்று தாங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. சிகாகோவில் உணவகம் நடத்தும் போர்ட்டோகலோஸ் என்ற கிரேக்கக் குடும்பத்தின் கூச்சலையே கேலிப்பொருளாக்கிய படம் அது. கிரேக்கனல்லாத காதலன் இயனோ எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கிரேக்க மரபுவழித் திருச்சபையில் ஞானஸ்நானமும் பெற்றுக்கொள்கிறான். மோதலே இல்லாத இடத்தில் கதை ஏது?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

மோதல் இருக்கிறது, அது அந்த வீட்டு மகளான நாயகி தூலாவின் மனத்துக்குள் இருக்கிறது. பள்ளியில் தன் மதிய உணவான மூசாக்கா என்ற கிரேக்கப் பண்டத்தைச் சக மாணவிகள் ஏளனம் செய்த காலத்தில் தொடங்கிய வெட்கம், முப்பது வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை. இயன் கோபித்துக்கொண்டு பிரிந்து, பிறகு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் தாங்கள் தேடும் மோதல் கிடைத்திருக்கும். ஆனால் கதை அவனுடையதாகியிருக்கும். அவள் எதையெல்லாம் மறைக்க நினைத்தாளோ அதையெல்லாம் இயல்பாக ஏற்கும் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தியதால்தான், அந்தக் கூச்சம் தன்னுடையது மட்டுமே என்று அவளால் உணர முடிகிறது.

அவளுடைய தந்தை கஸ், எந்த நோவுக்கும் கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸைத் தெளிப்பவர். திருமண நாளில் தூலா தன் முகத்தில் பரு வந்ததைச் சொல்ல, தனக்கும் வந்ததாகவும் விண்டெக்ஸ் போட்டதாகவும் இயன் சொல்கிறான். ஞானஸ்நானத்தைவிட இந்த ஒரு வரியில்தான் அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிறான் என்று நினைக்கிறேன். அடக்கம் என்று நான் எழுதியது இதைத்தான்.

கஸ் எந்தச் சொல்லுக்கும் கிரேக்க வேர் காண்பவர். ஜப்பானியரின் கிமோனோவைக்கூடக் குளிர்காலத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வரவழைத்துவிடுவார். நம்மைச் சிரிக்கவைத்த அதே பழக்கத்தைக் கொண்டுதான் திருமண விருந்தில் அவர் சம்பந்தி வீட்டாரைச் சேர்த்துக்கொள்கிறார்: இயனின் குடும்பப் பெயரான மில்லர் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், தம் குடும்பப் பெயரான போர்ட்டோகலோஸ் ஆரஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை, வேறுபட்டாலும் நாம் எல்லோருமே பழங்கள்தாம் என்கிறார். கேலி செய்வது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அவருடைய பித்துக்கு இப்படியொரு கௌரவம் கிடைத்திருக்காது.

இதை எழுதி நடித்த நியா வர்டலோஸ் கிரேக்க வழிவந்த கனடியர். தம் குடும்பத்தைப் பற்றி மேடையில் தனியொருவராக நடித்ததிலிருந்தே இத்திரைக்கதையை உருவாக்கினார். இயனின் பெற்றோரைத் தட்டையாக வரைந்தது குறைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் கிரேக்க வீட்டின் கூச்சலில் வெளியாரின் ஏளனம் இல்லை. இறுதியில், சிறுவயதில் தான் வெறுப்போடு போய்வந்த அதே கிரேக்கப் பள்ளிக்குத் தூலா தன் மகளை அழைத்துச் செல்கிறாள். யாரை வேண்டுமானாலும் நீ மணந்துகொள்ளலாம் என்று வழியிலேயே வாக்கும் கொடுக்கிறாள்.