நிலாவெளித் தொட்டியில் நில ஓர்கிட்: பூக்காததற்கு உரக்குறை காரணமன்று

கேள்வி: கண்டியில் வாங்கிய ஊதாப்பூ நில ஓர்கிட்டைத் திருகோணமலைக் கடற்கரை ஊரான நிலாவெளியில் எங்கள் மாமரத்தடியில் தொட்டியில் வைத்து ஒன்றரை வருடமாகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை நுனி கருகுகிறது. இதுவரை ஒரு பூவும் இல்லை. உரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், இருக்கும் உரத்தையும் இரண்டு மாதம் நிறுத்துங்கள். தொட்டியின் விளிம்பைக் கவனியுங்கள். அங்கே வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தால், இலை நுனியைக் கருக்குவது பெரும்பாலும் உப்பே. கடலோர மணற்பகுதிக் கிணறுகள் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உவர்க்கத் தொடங்கும். அந்த நீரை நாள்தோறும் ஊற்றும்போது நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வேரடியில் தங்கிவிடுகிறது. அதன் மேல் உரமும் சேர்ந்தால் கருகல் கூடும். ஆகவே நன்னீரைத் தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, அடித்துளை வழியே வடியும்படி மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழைநீரை மூடியுள்ள தாங்கியில் சேமித்து வைத்தால், வெயில் காலத்திலும் இச்செடிக்கு அதையே கொடுக்கலாம்.

பூக்காததற்கு நிழலே முதற்காரணம் என்பது என் கருத்து. ஸ்பதோகுளோட்டிஸ் பிளிகாட்டா என்னும் இவ்வினம், மடிப்பு மடிப்பான இலைகளால் இளந்தென்னங்கன்றைப் போலத் தோன்றினாலும், மாமரத்தின் அடர்நிழலில் இலையை மட்டுமே வளர்க்கும். காலை வெயில் மூன்று, நான்கு மணிநேரம் படும் இடத்துக்குச் சிறிது சிறிதாக நகர்த்தி, நண்பகலுக்குப் பின் கிடுகு மறைப்பின் நிழல் கிடைக்கச் செய்யுங்கள்.

கிழங்கு மண்ணுள் புதைந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேற்பாதி வெளியே தெரிய வேண்டும். ஆழப் புதைந்தால் மாரிமழையில் அழுகிவிடும். மண்ணை மாற்றுவதாயின் பருமணலும் மக்கிய இலையுரமும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நன்னீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு, மூன்று முறை செய்த பின்னரே அதைச் சேருங்கள்.

புதிய இலைகள் கருகாமல் விரியத் தொடங்கியதும், பொட்டலத்தில் சொல்லப்பட்ட அளவில் பாதி உரத்தை மாதம் இருமுறை கரைத்து ஊற்றலாம். பூந்தண்டில் மலர்கள் கீழிருந்து மேலாகச் சில சிலவாக விரியும். அடியில் பச்சைக் காய்கள் தொங்கினால் அவற்றை மட்டும் கிள்ளுங்கள். நுனியில் அரும்புகள் தொடர்ந்து வருமாதலால் தண்டை வெட்டிவிடாதீர்கள்.