கேள்வி – பதில்: போர்டில் எழுதியும் தரம் கூடவில்லையே?

கேள்வி: திருப்பூரில் 40 தையல் மெஷின் போட்டு பனியன் யூனிட் நடத்துகிறேன். ‘இந்த வருடம் தரத்தை உயர்த்துவோம்’ என்று போர்டில் எழுதியும் பலனில்லை. ஏன்?

பதில்: அது ஆசை, இலக்கு அல்ல. முதலில் 2 வாரம் அளந்து பாருங்கள்: கடைசி செக்கிங்கில் 100 பீஸுக்கு எத்தனை ஆல்டர் (குறை இருந்து சரிசெய்யத் திரும்பும் பீஸ்)? 8 என்றால், ‘மூன்று மாதத்தில் 4, பொறுப்பு லைன் சூப்பர்வைசர்’ என்று எழுதுங்கள். எதெல்லாம் ஆல்டர் என்பதையும் (தையல் விட்டது, எண்ணெய்க் கறை, அளவு மாறியது) முன்பே முடிவு செய்யாவிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். பீஸ் ரேட்டில் (பீஸுக்கு இவ்வளவு கூலி என்று) ஓடும் லைனில் வேகம்தான் பணம். அங்கே போர்டை யார் பார்ப்பார்கள்? ஆல்டர் குறைந்தால் போனஸ் என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள், செக்கர் கண்ணை மூடிக்கொள்வார். பாஸான பீஸில் தினமும் 20 எடுத்து நீங்களே மறுபடி செக் செய்து பாருங்கள்.